படித்ததை அசை போட வேண்டும்: கால்நடை மருத்துவ மாணவரும் இறுதித் தேர்வும்

"இரவு நன்றாகத் தீனி தின்ற கறவை மாடு. விடியற்காலையில் கட்டுத்தறியில் செத்துக் கிடக்கிறது. வயிறு ஊதியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக இரத்தம் கசிகிறது, உறையவில்லை. மாட்டுக்காரர் உங்களைக் கூப்பிடுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

கால்நடை மருத்துவப் படிப்பின் இறுதி ஆண்டு வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவியிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கொங்குப் பகுதியில் மானாவாரி நிலமும் நாலு கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் மகள் அவர். "எதனால் செத்தது என்று அறியப் பிரேதப் பரிசோதனை செய்வேன், சார்" என்று சட்டென்று பதில் சொன்னார்.

தேர்வாளர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "இப்போது அடைப்பான் நோயைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். மாணவி தடங்கல் இல்லாமல் சொன்னார். நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் பெயர், அதன் வடிவம், அது மண்ணில் பல்லாண்டு காலம் உயிரோடு இருக்கும் தன்மை, தடுப்பூசி போடும் முறை எல்லாம் சரியாகவே வந்தன. "அடைப்பானில் செத்த உடலை அறுக்கக் கூடாது" என்றும் அவரே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தாம் முதலில் சொன்ன பதில் அவருக்கு உறைத்தது. அதன் பின் கேட்ட கேள்விகளுக்கு வாய் எழவில்லை. அந்தப் பாடத்தில் அவர் தேறவில்லை.

அறுக்கக் கூடாத உடல்

இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னவரை ஏன் தேற விடக்கூடாது என்பது விவசாயப் பெருமக்களுக்கு எளிதில் விளங்கும். அடைப்பான் கிருமி, செத்த மாட்டின் உடல் மூடியிருக்கும் வரையில், உடல் அழுகும்போதே பெரும்பாலும் அழிந்துவிடும். உடலை அறுத்தால் கிருமிக்குக் காற்றுப் படுகிறது. காற்றுப் பட்டதும் அது கெட்டியான உறை கொண்ட வித்தாக மாறி மண்ணில் தங்கிவிடுகிறது. பல பத்தாண்டுகள் கழித்து அதே இடத்தில் மேயும் ஆடு மாடுகளை அது தாக்கக்கூடும். தோலை உரித்தவர்களுக்கும் இறைச்சியைக் கையாண்டவர்களுக்கும் இந்நோய் தொற்றும். ஆகவே அந்த ஒரு பதிலில் மாட்டின் விலை மட்டும் அடங்கியிருக்கவில்லை. மருத்துவரின் உயிரும் ஊராரின் உயிரும் அடங்கியிருந்தன.

சரியான பதில் இதுதான்: உடலை அறுக்கக் கூடாது, எவரையும் நாயையும் நெருங்க விடக் கூடாது. கையுறை அணிந்து காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் உடலை ஆறடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும் அல்லது முற்றிலும் எரித்துவிட வேண்டும். சுற்று வட்டாரக் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும்.

மாணவிக்கு இவை அனைத்தும் தெரியும். ஆனால் "அடைப்பான்" என்ற தலைப்பின் கீழ்தான் தெரியும். "செத்துக் கிடக்கும் மாடு" என்ற தலைப்பு அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாடு எதுவும் தன் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இறுதித் தேர்வின் கடினம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தேர்வு ஏன் கடினமாக இருக்கிறது?

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்விக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1903-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1985-ல் நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி வந்தது. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. பின்னர் திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் ஏற்பட்டன.

பிளஸ் டூவில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவர்களே இக்கல்லூரிகளில் இடம் பெறுகின்றனர். பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்தவர்கள் இவர்கள். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் முதல் நாலரை ஆண்டு பாடமும் தேர்வும். கடைசி ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணி. மனிதரைக் கவனிக்கும் மருத்துவர் ஓர் உடலமைப்பைப் படித்தால் போதும். இவர்களோ மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று பல உடல்களைப் படிக்க வேண்டும். இறுதி ஆண்டில் மருத்துவம், அறுவை சிகிச்சை, சினை மற்றும் ஈற்றியல், மருத்துவமனைப் பயிற்சி ஆகியவை ஒன்றாக வந்து நிற்கும். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என்று வாரக் கணக்கில் நீளும்.

பள்ளியில் கைகொடுத்த மனப்பாடம் முதலிரண்டு ஆண்டுகளில் ஓரளவு கைகொடுக்கும். இறுதி ஆண்டில் அது மட்டும் போதாது. அதுவரை தோல்வியையே அறியாத பிள்ளைகள் மனம் கலங்குவதும் இந்த ஆண்டில்தான்.

விழுங்கினால் உப்புசம்

மாடு தீனியைப் பார்த்ததும் அவசரமாக விழுங்குகிறது. பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசை போடுகிறது. நல்ல நார்த் தீனி தின்னும் மாடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அசை போடும். தின்றது உடலில் சேர்வது அதற்குப் பிறகுதான். அசை போடுவது நின்றுவிட்டால் மாட்டுக்கு ஏதோ கோளாறு என்பது விவசாயிக்குத் தெரியும்.

படிப்பும் இப்படித்தான். புத்தகத்தை நாலு முறை வாசிப்பது விழுங்குவது ஆகும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வாசித்ததைத் தானே மனத்திலிருந்து எடுத்து எழுதுவதும் சொல்வதும் அசை போடுவது ஆகும். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், படித்தது முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாளிலுமே மிக வேகமாக மறந்துபோகிறது என்று 1885-ல் வெளியிட்டார். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்தபின் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும், மீண்டும் வாசித்தவர்களே முன்னே நின்றனர். "எல்லாம் படித்துவிட்டேன்" என்ற உணர்வு மாணவரை ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே ஒரு பாடத்தை ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் படிப்பதைவிட, இன்று ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை என்று பிரித்துப் படிப்பது சிறந்தது. ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் திறக்கும் முன் வெள்ளைத் தாளில் நினைவில் உள்ளதை எழுத வேண்டும். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தந்தை சொன்ன பாடம்

தேறாத செய்தியுடன் மாணவி ஊருக்குச் சென்றார். இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் சந்தைக்கு ஒரு மாட்டைப் பார்க்கப் போன தந்தை மகளையும் உடன் அழைத்துச் சென்றார். மாட்டின் வாயைத் திறந்து பார்த்து, "நாலு பல்லு, அம்மிணி. மூணு வயசு சொல்லலாம்" என்றார். முதல் சோடி நிலைப்பல் சுமார் இரண்டு வயதிலும், நான்காம் சோடி நாலு வயதை ஒட்டியும் முளைப்பதை மகள் அட்டவணையாகப் படித்திருந்தார். தந்தைக்கு அட்டவணை தெரியாது.

"நான் எந்தப் பொஸ்தகம் பார்த்தேன்? மாட்டைப் பார்த்தேன். தப்பாச் சொன்னேன். எங்கப்பாரு திருத்துனாரு. தப்பாச் சொன்ன மாடு ஒவ்வொண்ணும் இன்னும் ஞாபகம் இருக்குது" என்றார் தந்தை.

மகள் துணைத் தேர்வுக்குப் படிக்கும் முறையை அன்றிலிருந்து மாற்றிக்கொண்டார்.

அறிகுறியிலிருந்து நோய்க்கு

நோயின் பெயரில் தொடங்கி அறிகுறியில் முடிவது புத்தகத்தின் வழி. அறிகுறியில் தொடங்கி நோயில் முடிவது மருத்துவரின் வழி. தேர்வுக்கு முந்தைய கடைசி மூன்று வாரமாவது மாணவர் இரண்டாவது வழியில் படிக்க வேண்டும். ஒரு தாளின் தலைப்பில் நோயின் பெயரை எழுதாமல், மாட்டுக்காரர் சொல்லும் குறையை எழுத வேண்டும். உதாரணமாக, "மாடு எழுந்திருக்கவில்லை" என்று எழுதிக்கொண்டால் கீழ்க்கண்டவை அதன் கீழ் வரும்.

கன்று ஈன்று இரண்டு மூன்று நாளுக்குள், காது சில்லிட்டிருக்கிறது, கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் வைத்துப் படுத்திருக்கிறது, உடல் வெப்பம் குறைந்திருக்கிறது என்றால், பால் காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும். பெயரில்தான் காய்ச்சல் உண்டு. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணம். கால்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே செலுத்த வேண்டும். விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதைத் தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

கன்று ஈன்ற மாடுதான். ஆனால் மடி வீங்கிக் கெட்டியாகி, பால் தண்ணீராகவோ இரத்தம் கலந்தோ வருகிறது என்றால், கடுமையான மடிவீக்க நோய்.

கன்றை இழுத்து எடுத்த பிறகு எழவில்லை. தீனி தின்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்றால், இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கலாம்.

முந்தின நாள் பொங்கலோ கலியாணமோ. மீந்த சோற்றை மாட்டுக்கு நிறைய வைத்தார்கள் என்றால், வயிற்றில் அமிலம் மிகுந்த நிலை.

ஒரு குறைக்கு நாலு காரணம். நாலையும் பிரிக்க நாலு கேள்வி. "வயிறு ஊதியிருக்கிறது", "சினை நிற்கவில்லை", "ஆட்டுக்குட்டிகள் கழிகின்றன", "கோழிகள் திடீரென்று சாகின்றன" என்று முப்பது தாள்கள் எழுதினால் இறுதி ஆண்டுப் பாடத்தின் பெரும் பகுதி அடங்கிவிடும்.

இதை நாலு பேராகச் சேர்ந்து செய்வது இன்னும் நல்லது. ஒருவர் மாட்டுக்காரராக இருந்து குறையை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் மருத்துவராக இருந்து கேள்வி கேட்க வேண்டும். மற்ற இருவர் விட்டுப்போனதைக் குறிக்க வேண்டும். ஒரு குறைக்குப் பத்து நிமிடம் போதும். அந்த மாணவி விடுதியில் மூன்று தோழியரைச் சேர்த்துக்கொண்டு இரவு உணவுக்குப் பின் தினமும் இதைச் செய்தார்.

எண்களை எப்படி நினைவில் வைப்பது?

சில செய்திகளை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். பசுவின் சினைக் காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150, நாய்க்கு 63. பன்றிக்கு 114 நாள். அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். மாட்டின் உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். ஆடுகளுக்கு 102 முதல் 103 வரை. கோழிக்கு 106-க்கும் மேல். இத்தகைய எண்களைச் சிறு அட்டைகளில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று எழுதி, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உணவுக்கு வரிசையில் நிற்கும்போதும் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்தின் அளவை எழுதும்போது எண்ணுடன் அலகையும், செலுத்தும் வழியையும் சேர்த்தே எழுதிப் பழக வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்கு ஆகிவிடும்.

செய்முறைத் தேர்வில் கவனிக்க வேண்டியவை

செய்முறைத் தேர்வில் அறிவைவிடப் பழக்கம்தான் முன்னே வரும். பழக்கம் வர ஆண்டு முழுவதும் மருத்துவமனைக்குத் தவறாமல் செல்ல வேண்டும். தேர்வு நெருங்கியதும் மருத்துவமனையைத் தவிர்த்து விடுதி அறையில் அடைந்து கிடப்பது பெருந்தவறு.

மாட்டின் அருகில் செல்லும் முன் மாட்டுக்காரரிடம் பேச வேண்டும். மாடு முட்டுமா, உதைக்குமா என்று கேட்க வேண்டும். மாடு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டுக்குக் குரல் கொடுத்து, அது தம்மைப் பார்த்த பிறகே தொட வேண்டும். பதற்றத்தில் இருக்கும் மாணவர் இந்த நாலையும் விட்டுவிட்டு நேராக ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். தேர்வாளர் அங்கேயே முகம் சுளிப்பார்.

பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்ற வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும். சினைப் பரிசோதனைக்கு முன் நகம் வெட்டி, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். தெரியாத கேள்விக்குத் துணிந்து தவறான விடை சொல்வதைவிட, "இதை உறுதி செய்ய இன்ன சோதனை செய்வேன்" என்று சொல்வது மேல்.

உறக்கமும் உணவும்

தேர்வுக் காலத்தில் இரவு முழுவதும் விழிப்பதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் விடுதிகளில் உண்டு. பகலில் படித்தது மனத்தில் படிவது உறக்கத்தில்தான். ஆறு, ஏழு மணி நேர உறக்கத்தைக் குறைக்கக் கூடாது. காலை உணவைத் தவிர்த்துத் தேநீரிலேயே நாளை ஓட்டுவதும் கூடாது. மாலையில் அரை மணி நேரம் நடப்பது வீண் அல்ல.

தொடர்ந்து பல நாள் உறக்கம் வராமை, உணவில் வெறுப்பு, காரணமின்றி அழுகை, வாழ்வதில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் மறைக்கக் கூடாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமும் வீட்டாரிடமும் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கும். நோயுற்ற மாட்டை மருத்துவரிடம் காட்ட எவரும் வெட்கப்படுவதில்லை. தமக்கு வந்த நோய்க்கும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும்.

பெற்றோரும் மாடு வளர்ப்போரும்

தேர்வு மாதத்தில் பெற்றோர் தினமும் தொலைபேசியில் அழைத்து "எப்படி எழுதினாய்?" என்று கேட்பதைத் தவிர்க்கலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் போதும். வீட்டு விசேஷங்களுக்கு வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒரு பாடம் தவறினால் துணைத் தேர்வு உண்டு. அதனால் வாழ்வு தவறிவிடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. விடுமுறையில் வரும் பிள்ளையை விருந்தாளியாக உட்கார வைக்காமல், தொழுவத்துக்கு அழைத்துச் சென்று மாடுகளைப் பார்க்கச் சொல்லலாம்.

கல்லூரி மருத்துவமனைக்கு மாடு கொண்டுவரும் விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பயிற்சி மாணவர் பல கேள்வி கேட்கும்போது சலித்துக்கொள்ளாமல், எப்போது ஈன்றது, என்ன தின்றது, முன்பு யார் என்ன மருந்து கொடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று அந்த மாணவர் கற்றுக்கொள்வது நாளை ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு மாட்டைக் காப்பாற்றும்.

அந்த மாணவி துணைத் தேர்வில் தேறிப் பயிற்சி மருத்துவராகக் கிராம மருந்தகம் ஒன்றில் பணியாற்றச் சென்றார். ஒரு நாள் காலை, பக்கத்து ஊரில் மாடு ஒன்று செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மருந்தக மருத்துவருடன் அவர் போய்ச் சேர்ந்தபோது தோல் உரிக்க இருவர் கத்தியுடன் தயாராக நின்றனர். மாட்டின் மூக்கில் கருஞ்சிவப்பாக இரத்தம் கசிந்திருந்தது. மருத்துவர் வாய் திறக்கும் முன்பே அவர் முன்னே சென்று, "அண்ணா, கத்தியை வையுங்கள். யாரும் கிட்டே வராதீர்கள்" என்றார்.

காதிலிருந்து எடுத்த இரத்தத்தில் நோய் உறுதியாயிற்று. உடல் அறுபடாமலே ஆழக் குழியில் புதைக்கப்பட்டது. மாட்டைத் தொட்டவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்த வாரமே ஊரில் இருந்த ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. கத்தியுடன் நின்ற இருவரும் நலமாக இருக்கின்றனர்.